ஏன் வாங்கினார்கள்? லாசர்ஸ்பெல்டும் டிக்டரும்

“இந்தப் பொருளை ஏன் வாங்குறீங்க?” என்று யாரைக் கேட்டாலும் பதில் கிடைத்துவிடும். நன்றாக இருக்கிறது, விலை கட்டுப்படியாகிறது, வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும், பழகிவிட்டது. நம் கல்லூரிகளின் வணிகவியல், மேலாண்மைத் துறைகளில் மாணவர்கள் செய்யும் நுகர்வோர் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தப் பதில்களைத் திரட்டி, சுவை, விலை, தரம், விளம்பரம் என்று தலைப்புப் போட்டு, சதவீதம் கணக்கிட்டதோடு முடிந்துவிடுகின்றன. அட்டவணை சுத்தமாக இருக்கும். அதைப் படித்து முடித்த பிறகும், அந்த ஆள் அந்தப் பொருளை ஏன் வாங்கினார் என்பது மட்டும் தெரியாது.

நேர்காணலில் கிடைத்த பேச்சிலிருந்து உண்மையான காரணத்துக்கு எப்படிப் போய்ச் சேருவது? இதற்கு ஏறக்குறைய 90 ஆண்டுகளாக இரண்டு வழிகள் இருந்து வருகின்றன. ஒன்று பால் லாசர்ஸ்பெல்ட் காட்டியது. மற்றொன்று எர்னஸ்ட் டிக்டர் காட்டியது. இருவரும் வியன்னாக்காரர்கள், யூதர்கள். லாசர்ஸ்பெல்ட் பிறந்தது 1901இல், டிக்டர் 1907இல். வியன்னாவில் லாசர்ஸ்பெல்ட் தொடங்கிய பொருளாதார உளவியல் ஆய்வு நிலையத்தில் டிக்டர் வேலை பார்த்திருக்கிறார். லாசர்ஸ்பெல்ட் 1933இல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் அமெரிக்கா சென்றார். டிக்டர் 1938இல் நாஜிகளுக்குத் தப்பி நியூயார்க் வந்தபோது, அவருக்கு முதல் வேலை கிடைக்கக் கைகொடுத்தவர்களில் லாசர்ஸ்பெல்டும் ஒருவர். அதன் பிறகு ஒருவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியர் ஆனார். மற்றவர் ஹட்சன் ஆற்றங்கரையில் சொந்த ஆய்வு நிறுவனம் நடத்தி, சோப்பு முதல் கார் வரை எல்லாப் பொருளுக்கும் மனக்காரணம் சொல்லும் ஆலோசகர் ஆனார். ஒரே பட்டறையில் பழகிய இருவர் ஒரே கேள்வியை இத்தனை தூரம் விலகி நின்று கையாண்டதால்தான் இவர்களை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளதாகிறது.

லாசர்ஸ்பெல்ட் சந்தை ஆய்வுக்கு வந்தது வணிக ஆசையால் அல்ல. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், தீவிர சோஷலிஸ்ட். இளைஞர்கள் ஒரு தொழிலை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, “ஏன் இந்தத் தொழில்?” என்ற கேள்விக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒரு பையன் “அப்பா சொன்னார்” என்பான். இன்னொருவன் “கையால் செய்யும் வேலை பிடிக்கும்” என்பான். மூன்றாமவன் “வேறு வேலை கிடைக்கவில்லை” என்பான். இவற்றை ஒரே அட்டவணையில் போட்டுக் கூட்ட முடியாது. முதலாவது, வெளியிலிருந்து வந்த தூண்டுதல். இரண்டாவது, வேலையின் தன்மை. மூன்றாவது, அந்தப் பையன் நின்ற நிலைமை. மூன்று பையன்களுக்கும் இந்த மூன்றும் இருந்திருக்கும். ஆளுக்கு ஒன்றைத்தான் வாய்விட்டுச் சொன்னார்கள். இதே குழப்பம் சோப்பு வாங்குவதிலும் இருப்பதை அவர் கண்டார். சோஷலிஸ்ட் கட்சிக்கு ஒருவர் வாக்களிப்பதையும் ஒரு சோப்பை வாங்குவதையும் ஒரே முறையில் ஆராயலாம் என்று பிற்காலத்தில் அவரே தம் நினைவுக் கட்டுரையில் எழுதினார்.

1935இல் அமெரிக்கச் சந்தையியல் இதழ் ஒன்றில் “ஏன் என்று கேட்கும் கலை” என்ற கட்டுரையை அவர் வெளியிட்டார். இன்று நுகர்வோர் ஆய்வு செய்யும் எவரும் முதலில் படிக்க வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம். அதில் சொல்லப்படும் அடிப்படை எளியது. ‘ஏன்’ என்பது ஒரு கேள்வியல்ல, பல கேள்விகளின் மூட்டை. வாங்கியவரைத் தள்ளிய தூண்டுதல் எது, பொருளின் எந்தத் தன்மை அவரை இழுத்தது, அவருக்குள் முன்பே இருந்த தேவை என்ன என்று அதைப் பிரித்துக் கேட்க வேண்டும். எல்லோரிடமும் ஒரே வாசகத்தில் கேட்கவும் கூடாது. அவரவர் அனுபவம் எந்த வழியில் நடந்ததோ, அந்த வழியில் கேள்வியை வளைக்க வேண்டும். விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவரிடம் விளம்பரத்திலிருந்து தொடங்க வேண்டும். பழைய பொருள் தீர்ந்துபோய் அவசரத்தில் வாங்கியவரிடம் அந்த அவசரத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த இரண்டாவது விதியை இன்றைய ஆய்வாளர்கள் அடியோடு மறந்துவிட்டார்கள். நூறு பேரிடமும் ஒரே கேள்வித்தாளை நீட்டினால்தான் அறிவியல் என்று நம்பிவிட்டோம்.

டிக்டரின் தொடக்கம் வேறு மாதிரி. அவருக்கு ஆளை ஈர்க்கும் பேச்சும் துணிச்சலும் உண்டு. ஃப்ராய்ட் குடியிருந்த பெர்க்காஸே தெருவிலேயே டிக்டரும் வசித்திருக்கிறார். மனப்பகுப்பாய்வு அவருக்கு அக்கம்பக்கத்துச் சங்கதி. அமெரிக்கா வந்ததும், தாம் வியன்னாவிலிருந்து வந்த இளம் உளவியலாளர், பொருள்களை விற்கப் புது வழிகள் தம்மிடம் உண்டு என்று பெரிய நிறுவனங்கள் சிலவற்றுக்குக் கடிதம் எழுதினார். அப்படிக் கிடைத்த முதல் பணிகளில் ஒன்று ஐவரி சோப்பு. அவர் யாரிடமும் “ஏன் இந்தச் சோப்பு?” என்று கேட்கவில்லை. நூறு பேரை உட்காரவைத்து, குளிப்பதைப் பற்றித் தோன்றியதைப் பேசச் சொன்னார். அவர்கள் பேசப் பேச, சோப்பின் விலையும் நுரையும் பின்னுக்குப் போய்விட்டன. முக்கியமான ஒரு சந்திப்புக்குப் போகும் முன் நிதானமாகக் குளிப்பது, பழையதைக் கழுவிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும் உணர்வு என்று பேச்சு வேறெங்கோ போனது. குளியல் ஒரு சடங்கு, சோப்புக்கு ஓர் ஆளுமை உண்டு என்று டிக்டர் முடிவு சொன்னார். புதிய தொடக்கத்தைப் பேசும் விளம்பரம் அதிலிருந்து பிறந்தது.

அடுத்து கிறைஸ்லர் நிறுவனத்தின் பிளிமத் கார். கூரை திறக்கும் காரைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னே நிறுத்தினால் ஆண்கள் உள்ளே வருகிறார்கள். வந்தவர்கள் வாங்கிப்போவதோ மூடிய குடும்பக் கார். திறந்த கார் காதலியின் கனவு, மூடிய கார் மனைவி என்று டிக்டர் இதை விளக்கினார். இந்த ஒரு வாக்கியம் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. அதே ஆய்வில் அவர் கண்ட இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தக் கார் நீங்கள் இதுவரை ஓட்டிய எதையும் போல இருக்காது என்று கம்பெனி விளம்பரம் செய்துகொண்டிருந்தது. ஏற்கெனவே வைத்திருக்கும் காரோடு பழகிப்போனவர்களுக்கு அந்த வாசகம் அச்சத்தையே கொடுத்தது. நேர்காணல்களைக் காது கொடுத்துக் கேட்டால் மட்டுமே பிடிபடும் சங்கதி அது. எந்தக் கேள்வித்தாளிலும் அகப்பட்டிருக்காது.

இரண்டு வழிகளையும் அருகில் வைத்துப் பார்க்க, நம் ஊர்ப் பதில் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கடையில் இட்லி மாவு பாக்கெட் வாங்கும் ஒரு பெண்ணிடம் ஆய்வு மாணவி கேட்கிறாள்.

“ஏங்க்கா, கடை மாவு வாங்குறீங்க?”

“முன்னாடி வீட்லதான் அரைப்பேன்மா. மாமியாருக்கு ஆபரேஷன் ஆச்சு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சிட்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, இந்த மாவு சீக்கிரம் புளிக்காதுன்னு. நல்லாத்தான் இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமை மட்டும் நானே அரைச்சிடுவேன்.”

வழக்கமான திட்ட அறிக்கையில் இந்தப் பதில் ‘தரம்’ என்ற கட்டத்தில் ஓர் எண்ணாக விழுந்துவிடும். லாசர்ஸ்பெல்ட் வழியில் போனால் மூன்று தனித்தனிச் செய்திகள் கிடைக்கும். ஆபரேஷன் நிலைமை. பக்கத்து வீட்டு அக்கா தூண்டுதல். புளிக்காதது பொருளின் தன்மை. அதோடு நிற்காமல், மூன்றில் எது இல்லாவிட்டாலும் இந்த வாங்கல் நடந்திருக்குமா என்றும் அவர் கேட்பார். ஆபரேஷன் இல்லையென்றால் அக்கா சொன்னது காதில் விழுந்திருக்குமா? அக்கா சொல்லாவிட்டால் அந்தக் கடையைத் தேடிப் போயிருப்பாரா? இப்படிக் கேட்கும்போது, அட்டவணையில் முதலிடம் பிடிக்கும் ‘தரம்’ இந்தக் கதையில் கடைசியாக வந்து சேர்ந்தது என்று தெரிகிறது. மாவு நன்றாக இருந்ததால் அவர் வாங்க ஆரம்பிக்கவில்லை. வாங்க ஆரம்பித்த பிறகு, நன்றாக இருந்ததால் விடவில்லை. தொடங்கியதன் காரணம் வேறு, தொடர்வதன் காரணம் வேறு. மாவு விற்பவருக்கு இந்த வேறுபாடு காசு பெறும்.

டிக்டர் இதையெல்லாம் தாண்டிக் கடைசி வாக்கியத்தில் போய் நிற்பார். கேட்காமலே வந்த வாக்கியம் அது. வாரத்தில் ஆறு நாள் கடை மாவு வாங்குபவர், ஒரு நாள் மட்டும் தானே அரைப்பதை எதற்கு அந்நியப் பெண்ணிடம் சொல்ல வேண்டும்? இங்கே குற்ற உணர்வு இருக்கிறது, நல்ல குடும்பப் பெண் என்ற தன் படிமத்தை அவர் காப்பாற்றிக்கொள்கிறார் என்று டிக்டர் எழுதுவார். விளம்பரத்தில் ‘உங்கள் கைப்பக்குவம்’ என்று போடுங்கள், பாக்கெட்டில் அவர் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் கலக்கும்படி வையுங்கள் என்று ஆலோசனையும் சொல்வார்.

கேட்கச் சிறப்பாக இருக்கிறது. சரியாகவும் இருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் சாமிக்குப் படைப்பார்கள் என்றால்? படையலுக்கு வெளியே அரைத்த மாவு ஆகாது என்பதுதான் சங்கதி என்றால்? அப்போது குற்ற உணர்வு முழுக்க முழுக்க ஆய்வாளரின் சொந்தச் சரக்கு. “வெள்ளிக்கிழமை என்னக்கா விசேஷம்?” என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே தெளிந்திருக்கும். டிக்டர் முறையின் பலமும் ஆபத்தும் இந்த ஓர் இடத்தில் சேர்ந்தே தெரிகின்றன. மற்றவர்கள் கேட்டும் கேளாமல் விட்ட வாக்கியத்தை அவர் பிடித்துவிடுகிறார். பிடித்த வேகத்தில் அதற்குத் தாமே பொருள் சொல்லிவிடுகிறார்.

இது கற்பனைப் பதிலை வைத்துச் சொல்லும் குறையல்ல. மேட்டல் நிறுவனம் பார்பி பொம்மையைக் கடைக்குக் கொண்டுவரும் முன் டிக்டரை அழைத்தது. பொம்மை வெளிவந்தது 1959இல். அவர் 191 சிறுமிகளையும் 45 தாய்மாரையும் ஆராய்ந்தார். சிறுமிகளுக்குப் பொம்மை பிடித்திருந்தது. தாய்மாருக்குப் பிடிக்கவில்லை. வளர்ந்த பெண்ணின் உடலோடு ஒரு பொம்மையா என்று முகம் சுளித்தார்கள். அப்படிச் சுளித்த ஒரு தாய், பொம்மை எவ்வளவு நேர்த்தியாக உடுத்தியிருக்கிறது என்று தன் மகள் வியந்ததைக் கேட்டதும் மனம் மாறினாள். டிக்டர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நேர்த்தியாக உடுத்தவும் தன்னைப் பேணவும் மகளுக்கு இந்தப் பொம்மை கற்றுக்கொடுக்கும் என்று தாய்மாரை நம்பவைக்கலாம் என்று சொன்னார். எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் தாய்மாரின் வெறுப்புதான் கண்ணில் பட்டிருக்கும். வெறுப்பு எந்த இடத்தில் இளகியது என்பதைப் பார்த்ததால் அவருக்கு வழி தெரிந்தது. நேர்காணல் தரவைப் படிப்பதில் இது உயர்ந்த திறமை, அதை நான் மறுக்கவில்லை. பொம்மை அமோகமாக விற்றது. ஆனால் அது விற்றதற்கு அவர் சொன்ன காரணம்தான் காரணம் என்று அந்த விற்பனையை வைத்து நிரூபிக்க முடியாது. டிக்டரின் புகழில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் எழுந்து நிற்கிறது.

கேக் மாவுக் கதையும் அப்படித்தான். தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்ற கேக் மாவு விற்கவில்லை, இல்லத்தரசிகளின் குற்ற உணர்வைக் கண்டுபிடித்த டிக்டர் முட்டையை அவர்களே உடைத்து ஊற்றும்படி வைக்கச் சொன்னார், விற்பனை பிய்த்துக்கொண்டு போனது என்று சந்தையியல் வகுப்புகளில் இன்றும் சொல்லித் தருகிறார்கள். உண்மையில், முட்டையைப் புதிதாகச் சேர்க்கும் கேக் மாவுக்கு டஃப் என்ற அமெரிக்க நிறுவனம் 1930களிலேயே காப்புரிமை பெற்றுவிட்டது. புது முட்டை சேர்ப்பதைத்தான் இல்லத்தரசிகள் விரும்புகிறார்கள் என்று அந்தக் காப்புரிமை ஆவணமே சொல்கிறது. அப்போது டிக்டர் அமெரிக்காவில் காலடிகூட வைக்கவில்லை. மனத்தின் ஆழத்திலிருந்து எடுத்த காரணம் கதையாகச் சொல்ல இனிக்கும், அதனால் எளிதில் பரவும். சலிப்பூட்டும் காரணம் பரவாது. ஆய்வாளர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இது.

லாசர்ஸ்பெல்டின் குழுவோ நேர்காணலில் கிடைத்த பதிலை அப்படியே நம்பிவிடவில்லை. இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் சுமார் 800 பெண்களிடம் 1945இல் நேர்காணல் நடந்தது. மளிகைப் பொருள், உடை, சினிமா, பொது விவகாரம் ஆகியவற்றில் யார் பேச்சைக் கேட்டு மனம் மாறினார்கள் என்பது கேள்வி. எலிஹு காட்ஸோடு சேர்ந்து லாசர்ஸ்பெல்ட் எழுதி 1955இல் வெளிவந்த ‘பெர்சனல் இன்ஃப்ளூயன்ஸ்’ நூலுக்கு அடிப்படை அந்த ஆய்வுதான். அதில் என்னைக் கவர்ந்தது அவர்களின் உழைப்பு. “இன்னார் சொன்னதால் மாற்றிக்கொண்டேன்” என்று ஒரு பெண் சொன்னால், அந்த இன்னாரையும் தேடிப்போய், அப்படி ஒரு பேச்சு நடந்ததா என்று விசாரித்தார்கள். நம் மாவு உதாரணத்தில் சொன்னால், பக்கத்து வீட்டு அக்காவின் கதவையும் தட்டுவது. பிராண்டு மாற்றியதில் விளம்பரத்தைவிடத் தெரிந்தவர் பேச்சுக்கு வலு அதிகம் என்ற அவர்களின் முடிவு இன்றுவரை பேசப்படுவதற்கு இந்த விசாரிப்பும் ஒரு காரணம்.

லாசர்ஸ்பெல்ட் முறைக்கும் ஒரு பெரிய குறை உண்டு. வாங்கிய கதையை வாங்கியவரால் நினைவுகூர முடியும், நினைவுக்கு வந்ததைச் சொல்லவும் செய்வார் என்று அது நம்புகிறது. இரண்டுமே எப்போதும் நடப்பதில்லை.

நினைவைப் பற்றிய சந்தேகத்தை அழுத்தமாகச் சொன்னவர்கள் உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் டிமதி வில்சனும். அவர்களின் 1977ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. மிச்சிகன் மாநிலத்துக் கடை ஒன்றில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான், எள்ளளவும் வேறுபாடு இல்லை. வலது ஓரத்தில் இருந்த ஜோடியை, இடது ஓரத்தில் இருந்ததைப்போல ஏறக்குறைய நான்கு மடங்குப் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது ஒருவர்கூட வைத்திருந்த இடத்தைக் குறிப்பிடவில்லை. இடம் காரணமாக இருக்குமா என்று நேராகக் கேட்டபோதும் ஏறக்குறைய அத்தனை பேரும் மறுத்தார்கள். தேர்ந்தெடுத்ததற்குப் பொருத்தமாக ஒரு காரணத்தை மனம் தயாரித்துக் கொடுக்கிறது, அதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை, முழு மனத்தோடு நம்பியே சொல்கிறார். லாசர்ஸ்பெல்டின் மூன்று கேள்விகளையும் இந்தக் காலுறைக்காரர்களிடம் கேட்டால் மூன்றுக்கும் பதில் வந்திருக்கும். மூன்றும் தப்பாக இருந்திருக்கும்.

இதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் டிக்டர் பக்கம்தான் சரி என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. காலுறைச் சோதனை டிக்டரையும் சேர்த்தே அடிக்கிறது. வலது ஓரம் என்பதில் எந்த ஆழ்மன ஆசையும் இல்லை, சடங்கும் இல்லை, காதலியும் இல்லை. ஆளுக்கே தெரியாத காரணம் என்றால் அது ஆழமான காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்று டிக்டர் எடுத்துக்கொண்டார். தெரியாத காரணம் அலமாரியில் பொருள் இருந்த இடம்போல அற்பமாகவும் இருக்கலாம்.

சொல்ல விரும்பாமை பற்றிய கேள்வி மிச்சம் இருக்கிறது. டிக்டருக்கு நியாயம் கிடைப்பது இங்கேதான். அந்த நியாயத்தை வாங்கிக் கொடுத்தவர் கலிஃபோர்னியாவின் உளவியலாளர் மேசன் ஹேர். இன்ஸ்டன்ட் காபி அமெரிக்காவில் புதிதாக இருந்த நேரம். ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் ருசி பிடிக்கவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். ஹேர் அந்தப் பதிலில் திருப்தியடையவில்லை. 1950இல் வெளியான அவர் ஆய்வில் இரண்டு மளிகைச் சீட்டுகள் வருகின்றன. இரண்டிலும் மாட்டிறைச்சி, ரொட்டி, காரட், பேக்கிங் பவுடர், டின் பீச் பழம், உருளைக்கிழங்கு. ஒன்றில் மட்டும் காபி என்ற இடத்தில் நெஸ்கஃபே இன்ஸ்டன்ட், மற்றதில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபித்தூள். தலா 50 பெண்கள் கொண்ட இரண்டு குழுக்களிடம் ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்து, இதை எழுதிய பெண் எப்படிப்பட்டவள் என்று வர்ணிக்கச் சொன்னார்.

நெஸ்கஃபே சீட்டைப் படித்தவர்களில் 48 சதவீதம் பேர் அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்றார்கள். மேக்ஸ்வெல் ஹவுஸ் சீட்டுக்காரியைச் சோம்பேறி என்றவர்கள் 4 சதவீதம். தன்னைப் பற்றிக் கேட்டபோது ‘ருசி’ என்று வந்த பதில், அடுத்தவளைப் பற்றிக் கேட்டபோது ‘சோம்பேறி’ என்று வந்துவிட்டது. பெண்கள் பயந்தது காபியின் ருசிக்கு அல்ல, ஊர்ப் பேச்சுக்கு.

டிக்டர் ஊகித்ததும் இதே வகைக் காரணம்தான். ஆனால் அதை நோக்கி நடந்த விதத்தில்தான் ஹேர் வேறுபடுகிறார். ஒரு பெண்ணின் ஒரு வாக்கியத்துக்கு அவர் தாமாகப் பொருள் சொல்லவில்லை. ஒரே ஒரு வரியில் மட்டும் மாறுபடும் இரண்டு சீட்டுகளை வைத்தார். மீதி எல்லாம் ஒன்றாக இருப்பதால், பதில்களில் வந்த வித்தியாசத்துக்கு அந்த ஒரு வரிதான் பொறுப்பு. அதோடும் நிற்காமல், வேறொரு தொகுதிப் பெண்களின் சமையலறை அலமாரியில் இன்ஸ்டன்ட் காபி இருக்கிறதா என்றும் பார்த்தார். இல்லாத வீட்டுக்காரிகள்தான் சீட்டுப் பெண்ணைக் கடுமையாகப் பேசினார்கள். சந்தேகம் டிக்டருடையது, சரிபார்ப்பு லாசர்ஸ்பெல்டுடையது. இருவரிடமும் ஹேர் கற்றார் என்று நான் சொல்லவில்லை. இருவரின் நல்ல பகுதிகளும் அவர் வேலையில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன என்கிறேன்.

இருபது ஆண்டு கழித்து, 1970இல், ஃபிரெடரிக் வெப்ஸ்டரும் ஃபிரெடரிக் வான் பெக்மனும் அதே சீட்டு ஆய்வைத் திரும்பச் செய்தார்கள். இன்ஸ்டன்ட் காபி வாங்குபவள் சோம்பேறி என்ற பழி அப்போது காணாமல் போயிருந்தது. அமெரிக்கச் சமையலறை மாறிவிட்டது. மனித மனத்தின் நிரந்தர உண்மை என்று யாராவது 1950இல் இதை எழுதியிருந்தால் 1970இல் அடித்துவிட வேண்டியதாகியிருக்கும். டிக்டர் எழுதியவற்றில் நிரந்தர உண்மைகள் மிக அதிகம். 1964இல் அவர் வெளியிட்ட நுகர்வோர் உந்துதல் கையேடு, பொருள் பொருளாக எடுத்து அவற்றின் மறைபொருளைச் சொல்லிக்கொண்டே போகிறது. யார் சொன்ன எந்த வாக்கியத்திலிருந்து அந்தப் பொருள் வந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க வாசகருக்கு வழியில்லை. என்னைப் பொறுத்தவரை டிக்டரின் முதன்மைக் குறை இதுதான். பத்திரிகையாளர் வான்ஸ் பேக்கர்ட் 1957இலும் பெண்ணிய எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடன் 1963இலும் அவரைப் போன்றவர்கள் மக்கள் மனத்தை ஆட்டிவைக்கிறார்கள் என்று கோபத்தோடு எழுதினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள்கூட அவர் கண்டுபிடிப்புகள் உண்மைதான் என்று ஒத்துக்கொண்டே கோபப்பட்டார்கள். உண்மைதானா என்று கேட்பதல்லவா முதல் வேலை?

இந்த இரு வழிகளுக்கும் இன்று வாரிசுகள் உண்டு. காலை வேளையில் மில்க்‌ஷேக் வாங்குபவர்களை நிறுத்தி, எந்த வேலைக்காக அதை வாங்கினீர்கள் என்று விசாரித்த கிளேட்டன் கிறிஸ்டென்சன் குழுவின் ஆய்வு லாசர்ஸ்பெல்ட் வழியில் வந்தது. தனியாக நெடுநேரம் கார் ஓட்டுபவருக்கு வழியெல்லாம் உறிஞ்ச ஏதோ ஒன்று தேவைப்பட்டது என்று அவர்கள் கண்டது, லாசர்ஸ்பெல்ட் ‘தேவை’ என்று பிரித்துக் காட்டிய பகுதியே. படங்களைக் கொண்டுவரச் சொல்லி அவற்றின் வழியே மனத்தைப் பேசவைக்கும் ஜெரால்ட் ஸால்ட்மனின் முறை டிக்டர் வழியில் வந்தது. பெயர்கள் புதியவை, அவற்றின் பலமும் பலவீனமும் பழையவை.

எது சிறந்தது என்று கேட்டால் என் தீர்ப்பு லாசர்ஸ்பெல்ட் பக்கம்தான். அவர் தவறினால் எங்கே தவறினார் என்று இன்னொருவர் கண்டுபிடித்துவிட முடியும். டிக்டர் தவறினால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் காது என்று வந்தால் டிக்டரின் காதுதான் வேண்டும். லாசர்ஸ்பெல்டின் மூன்று கட்டங்களில் அடங்காமல் மிஞ்சும் வாக்கியங்கள் ஒவ்வொரு நேர்காணலிலும் இருக்கும். ‘வெள்ளிக்கிழமை மட்டும் நானே அரைச்சிடுவேன்’ போன்றவை. அவற்றைக் குப்பையில் போடாமல் தனியே எழுதிவைத்து, பத்து பேரிடம் அதே சாயலில் வந்தால் அதை ஊகமாக எடுத்துக்கொண்டு, ஹேர் செய்தது மாதிரி ஒரே ஒரு வரியை மாற்றிப் புது ஆட்களிடம் சோதிக்கலாம். இருபது பேரை மட்டும் நேர்காணும் ஒரு கல்லூரி மாணவியாலும் இது முடியும். கணினி மென்பொருள் எதுவும் தேவையில்லை.

ஆகவே ஆய்வு வழிகாட்டிகளாக இருக்கும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ஏன் வாங்குகிறீர்கள்’ என்ற கேள்விக்குக் கீழே நான்கு கட்டங்கள் போட்டு டிக் அடிக்கச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள். முதன்முதலாக எப்போது வாங்கினார், அன்றைக்கு வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, யார் சொன்னார்கள், அதற்கு முன் எதை வாங்கினார் என்று கேட்டு, ஆள் பேசியதைப் பேச்சுத்தமிழிலேயே எழுதிவரச் சொல்லுங்கள். அறிக்கையின் பின்னிணைப்பில் அந்தப் பேச்சு முழுவதும் இருக்கட்டும். அட்டவணையின் ஒவ்வொரு எண்ணும் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்று வாய்மொழித் தேர்வில் கேளுங்கள். பதில் சொல்ல முடியாத எண்ணை அறிக்கையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.